இரவு வேலை: தடை போய்விட்டது, பாதுகாப்பு எங்கே?



நம்ம கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு, மானாவாரி பூமி. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும். பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசும் மில்லும்தான். "மகளுக்கு மில்லுல நைட் ஷிப்ட் போடுறாங்களே, விடலாமா?" என்று கேட்காத தாய் உண்டா? இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. தெரிந்துகொள்வோம்.

பழைய சட்டம்

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, பெண்களைக் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே வேலைக்கு வைக்கலாம் என்றது. நம் பாதுகாப்புக்காகப் போட்டதுதான். ஆனால் ராத்திரி வேலையும் அதன் கூலியும் ஆணுக்கு மட்டும் என்று ஆகிப்போனது.

வழக்கும் தீர்ப்பும்

இதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்களே சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 15-வது பிரிவு, ஆண் பெண் என்று பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பெண்களுக்குத் தனிச் சலுகை தரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. சலுகை என்பது நமக்குக் கொடுப்பது. இருக்கிற வேலையைப் பறிப்பது சலுகை ஆகுமா?

2000 டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தெருவில் நாய் கடிக்கிறது என்றால் நாயைத்தான் கட்ட வேண்டும். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டக் கூடாது, இல்லையா?

தீர்ப்பின் மறுபாதி

தடையை நீக்கியதோடு, நிர்வாகம் செய்ய வேண்டியதையும் நீதிமன்றம் சொன்னது: வீட்டிலிருந்து போய்வர வண்டி, ஓய்வறை, ஒரு ஷிப்டில் பத்துப் பெண்களாவது சேர்ந்து இருப்பது, பாலியல் தொல்லைக்கு எதிரான பாதுகாப்பு. 2020-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், இரவு 7 மணிக்கு மேல் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் என்றால், "முடியாது" என்று சொல்லவும் உரிமை உண்டு.

மகளை அனுப்பும் முன் கேளுங்கள்

- வண்டி வீட்டு வாசலுக்கு வருமா, மெயின் ரோட்டோடு நிற்குமா?
- கூட எத்தனை பெண்கள்?
- புகார்க் குழு இருக்கிறதா? பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது கட்டாயம் (2013-ம் ஆண்டுச் சட்டம்).
- 18 வயது நிறைந்ததா? நிறையாத பிள்ளைக்கு இரவு வேலை கூடவே கூடாது.

ஆபத்து என்றால் 181-க்குப் போன் போடுங்கள்.

தனியாக ஒருத்தி கேட்டால், "இஷ்டமிருந்தா வா" என்பார்கள். குழுவாகப் போய்க் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்.