நேத்து ராத்திரி குடிச்சது காலையிலும் பிடிபடும்



ஜூன் மாதம் வந்தால் வஹகோட்டை புனித அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு ஆட்டோவிலும் வேனிலும் கூட்டம் போகும். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் நம் லயத்துச் சனங்களும் பிள்ளை குட்டிகளோடு புறப்படுவார்கள். அப்படிப் போகும்போது சில டிரைவர் தம்பிமார் நம்மிடம் சொல்வது இதுதான்: "குடிச்சது நேத்து ராத்திரிங்க ஐயா. தூங்கி எழும்பி மூஞ்சியும் கழுவிட்டேன். இப்ப வெறி இல்லைங்க."

இந்தப் பேச்சு சரிதானா?

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டு வந்தது. பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. அதன்படி 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே எல்லை. எப்போது குடித்தீர்கள் என்பது கணக்கில்லை. வண்டி ஓட்டும் நேரத்தில் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. கார், வேனுக்கு மட்டுமல்ல, ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் இரவு 10 மணிக்குள் அரைப் போத்தல் சாராயம் குடிக்கிறார். அவர் இரத்தத்தில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் சேரும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காலை 6 மணிக்கு 120 குறைந்திருக்கும், இன்னும் 120 மிச்சம் இருக்கும். அதுவே எல்லையைவிட ஒன்றரை மடங்கு! முழுக்க இறங்கப் பகல் 2 மணியாகும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் சாயத் தண்ணி, தேசிக்காய், பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் ஈரலின் வேலையை விரைவாக்காது. தூக்கம் கலையுமே தவிர வெறி இறங்காது. கசிப்பு என்றால் எவ்வளவு காரம் என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

கால் போத்தலே பலரை எல்லை தாண்ட வைத்துவிடும். எல்லைக்குக் கீழே இருந்தாலும் கை தடுமாறும், பிரேக் பிடிக்கப் பிந்தும். நம்ம மலைப் பாதை வளைவுகளில் அந்த ஒரு நொடி போதும்.

பொலிஸார் மறித்தால் குழாயில் ஊதச் சொல்வார்கள். "ஊத மாட்டேன்" என்று அடம் பிடித்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அரசாங்க டாக்டரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கலாம். இது தபாற்கந்தோரில் தண்டம் கட்டி முடிக்கிற குற்றமும் அல்ல. நீதவான் முன்னால் நிற்க வேண்டும். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சிறைக்கும் அனுப்பலாம், லைசன்சையும் நிறுத்தி வைக்கலாம். ஆளுக்குக் காயமோ உயிர்ச்சேதமோ நேர்ந்தால் தண்டனை இன்னும் கடுமை.

25,000 ரூபாய் என்றால் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பல நாள் பேர். அதையாவது கடன் வாங்கிக் கட்டலாம். லைசன்ஸ் போனால் ஆட்டோ லயத்து வாசலில் நிற்கும். ஆனால் லீசிங் தவணை நிற்காதே!

ஆகவே அம்மாமாரே, அக்காமாரே, பயணத்துக்கு முதல் நாளே டிரைவரிடம் பேசிக்கொள்ளுங்கள். "தம்பி, இன்னைக்கு ராத்திரி ஒரு சொட்டும் வேணாம்" என்று சொல்லுங்கள். காலையில் வாடை அடித்தால் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். பஸ்ஸில் போனால் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். வழியில் விபத்து நடந்துவிட்டால் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பது நல்லதுதான். அதற்கு முதல், போன பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வழி பண்ணுவோம்.