விஷவாயு கொண்டு இரத்தத்தை அளத்தல்

விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் செய்யும் பரிசோதனை, ஹீமோகுளோபினின் செறிவைச் சொல்லுமேயன்றி, நம் தேகத்தில் ஓடும் இரத்தம் மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லாது. கர்ப்பிணியின் உடலில் சிவப்பணுக்கள் பெருகியபோதிலும், பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி அதனினும் மிகுதியாகப் பெருகுவதால், அவள் சோகை பிடித்தவள் போலத் தோன்றுவது இதற்குத் திருஷ்டாந்தம்.

அண்டாவிலுள்ள நீரின் அளவை அறியாதவன், அளவறிந்த சாயத்தை அதில் கலந்து, அது எவ்வளவு வெளுத்தது என்று பார்த்துக் கணக்கிடலாம். இந்த நியாயத்தையே பின்பற்றி, குரோமியம் 51 போன்ற கதிரியக்கப் பொருள்களை வைத்தியர்கள் இரத்தத்தில் செலுத்தி வந்தனர். அதன் கதிர்வீச்சு சொற்பமே எனினும், குழந்தைகளுக்கும், அடிக்கடி அளக்கப்பட வேண்டியவர்களுக்கும் அதைச் செலுத்த மனம் ஒப்புவதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு மாற்றாக வந்து நிற்பது கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு! ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் அதன் கொடுங்குணமே இங்கு குணமாகிறது. சுவாசித்த வாயு பெரும்பாலும் வேறெங்கும் சிதறாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறதல்லவா? விஞ்ஞானிகளான ஜே. எஸ். ஹால்டேனும் லோரெய்ன் ஸ்மித்தும் 1900-லேயே மனிதரின் இரத்தத்தை இவ்வாறு அளந்தனர். இரத்தம் உடல் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு என்று அவர்கள் கண்ட கணக்கு குறைவானது எனப் பின்னர் தெரியவந்தாலும், வழி பிழையன்று.

2005-ல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் ஷ்மிட்டும் ப்ரோமரும் செப்பனிட்ட முறையில், பரிசோதனைக்கு உட்படுபவர் ஆக்ஸிஜனுடன் கலந்த சிறிதளவு வாயுவை இரண்டு நிமிஷம் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறார். 70 மில்லிலிட்டர் வாயு ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 6 பங்கைப் பிடித்தது என்று கொள்வோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.39 மில்லிலிட்டர் வாயுவை ஏற்குமாதலால், மொத்தம் சுமார் 840 கிராம் உண்டு என்று கிடைக்கிறது. லிட்டருக்கு 150 கிராம் செறிவாயின், சிறு திருத்தங்கள் நீங்கலாக, இரத்தம் சுமார் 5.6 லிட்டர். புகைபிடிப்பவர் பலர் ஏறத்தாழ இவ்வளவு விஷத்தைப் பணம் கொடுத்து நித்தியம் வாங்கிச் சுமக்கின்றனர். பரிசோதனைக்கு உட்பட்டவரிடமோ நாலைந்து மணி நேரத்தில் அது பாதியாகிவிடுகிறது.

ஆயினும், அளவு தவறினால் உயிர் போகும் வாயு இது. பயிற்சி பெற்றோர் துல்லியமான கருவிகளுடன் கையாளத்தக்கதேயன்றி, வேறெவரும் செய்து பார்க்கத்தக்கதன்று. இருதய நோயாளிகளுக்கும், சிசுவின் இரத்தத்தை இவ்வாயு பற்றிக்கொள்ளுமாதலால் கர்ப்பிணிகளுக்கும், இம்முறை ஏற்றதன்று.