லால்பாக்கில் பார்த்தது, நம்ம வரப்புக்கு

பாலக்கோட்டில் ரயில் ஏறினால் பெங்களூரு. லால்பாக்குக்கு நான் மலர்க் கண்காட்சி நாளில் போறதில்லை; அந்தக் கூட்டத்தில் மரத்தைப் பார்க்க முடியாது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். 1908-ல் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி நகரச் சாலைகளுக்கே மரம் தேர்ந்தவர். மார்ச்சில் ஜகரண்டா, மே மாதம் குல்மொஹர்.

நமக்கு ஜகரண்டா வேணாம். அந்த வரிசை வேணும். தை, மாசியில் மா பூக்குது. அதோட நின்னுட்டா தேனீ பட்டினி. பிறகு பூசணிக்கும் பாகலுக்கும் யார் வருவா? பங்குனி, சித்திரைக்கு வேம்பு, புங்கன். வைகாசி, ஆனிக்குப் புளி. ஆவணி, புரட்டாசிக்கு இலந்தை, முள்ளுன்னு வெட்டிடாதீங்க. இடையிடையே முருங்கை. கார்த்திகை, மார்கழிக்கு உங்க கொல்லையில எது பூக்குது? எழுதுங்க.