அமைதியைத் தேடி ஒரு கூடாரம்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இரவுக்கும் பகலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. கப்பல் சங்கு ஊதுகிறது. ரயில் கூவுகிறது. இவ்வளவு சத்தத்திலும் தூங்கப் பழகிவிட்டோம்.

"அப்பா, சத்தமே இல்லாத ஊர் எங்கே இருக்கு?" என்று வீட்டில் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

அப்படிப்பட்ட இடம் இருக்கிறது! இரண்டு நாள் லீவும், ஒரு சின்னக் கூடாரமும், கொஞ்சம் முன்யோசனையும் இருந்தால் குடும்பத்தோடு போய் வரலாம். ஆனால் முன்யோசனை இல்லாமல் போனால் அமைதிக்குப் பதிலாக ஆபத்துதான் கிடைக்கும்.

எண்ணூர் அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் அமைதியைத் தேடி நாம் வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. எண்ணூரே அப்படிப்பட்ட ஊர்தான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையிலும் கம்பெனிகளிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள், ஓய்வு நாளில் எண்ணூருக்கு வந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். படகு விட்டார்கள், காற்று வாங்கினார்கள்.

இன்று அங்கே கூடாரம் அடிக்க முடியுமா? முடியாது. துறைமுகமும் அனல் மின் நிலையமும் உள்ள இடம் அது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுவதும் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையைக் கடல் அரித்து, பல இடங்களில் மணலுக்குப் பதிலாகப் பாறாங்கல்தான் கிடக்கிறது.

சரி, வடக்கே பழவேற்காடு? அழகான ஏரிதான். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். ஆனால் அது பறவைகள் சரணாலயம். நினைத்த இடத்தில் கூடாரம் அடித்து இரவு தங்கும் இடம் அல்ல. படகு ஆசையும் வேண்டாம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகை நாளில், சிறு பிள்ளைகளோடு உல்லாசமாகப் போனவர்கள் அவர்கள்.

ஆகவே, கூடாரத்துக்கு மலைப் பக்கம்தான் போக வேண்டும்.

கூடாரம் போட்ட தையற்காரர்

பட்டாளத்துக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் பல காலமாகக் கூடாரத்தில் தங்கியவர்கள். பொழுதுபோக்குக்காகக் கூடாரத்தில் தங்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயர். தொழிலில் அவர் ஒரு தையற்காரர்! சைக்கிளில் எடுத்துப் போகும்படி இலேசான கூடாரங்களைத் தாமே தைத்தார். 1901-இல் சைக்கிள் முகாம்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1907-இல் பேடன் பவல், பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கூடாரத்தில் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது.

ஏலகிரிக்குப் போகும் வழி

நமக்கு வசதியான மலை ஏலகிரி. திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய், அங்கிருந்து மலை ஏறலாம். ரயில் பயணம் மூன்று நான்கு மணி நேரம்தான். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை போனது. நாம் போவதும் அதே திசைதான்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்.

மலைக்கு மேலே போனதும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். புங்கனூர் ஏரிப் பக்கம் சனி, ஞாயிறுகளில் திருவிழாக் கூட்டம்! சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அமைதி வேண்டுமானால் வார நாளில் போக வேண்டும். ஏரியையும் கடைத்தெருவையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி, தோட்டங்களுக்கு நடுவே இடம் பார்க்க வேண்டும். சொந்த நிலத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுப்பவர்கள் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் அவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இது உங்கள் பட்டா நிலமா? கூடாரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?

2. அன்று எத்தனை கூடாரம் இருக்கும்? ஒலிபெருக்கி வைத்துப் பாட்டு, ஆட்டம் உண்டா?

3. குடிதண்ணீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரம்?

4. இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கார் வந்து நிற்குமா? பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே?

இரண்டாவது கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். லாரி சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போய், பாட்டுச் சத்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அநேகம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகக் கூடாரம் அடித்தபோது, எனக்கு இடம் பார்க்கத் தெரியவில்லை. நிலத்துக்காரர் மேட்டில் ஓர் இடம் காட்டினார். அங்கே கல் குத்துகிறது என்று சொல்லி, பள்ளத்தில் மெத்தென்று மணல் இருந்த இடத்தில் அடித்தேன். என் மனைவி, "என்னங்க, மேட்டிலேயே அடிக்கலாமே" என்றாள். நான் கேட்கவில்லை.

நள்ளிரவில் மழை பிடித்தது. நிலத்துக்காரப் பெரியவர் லாந்தரோடு ஓடி வந்தார். "தம்பி, எழுந்திரிங்க! தண்ணி வர்ற வழியில படுத்திருக்கீங்க. குழந்தையைத் தூக்குங்க!" என்றார். நாங்கள் வெளியே வந்த சிறிது நேரத்தில் கூடாரத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர்! மெத்தென்ற மணல் அங்கே எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து போட்ட மணல் அது.

அன்று கற்ற பாடம் இது. மேடாகவும் சமமாகவும் உள்ள இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டும். காய்ந்த ஓடை என்று நம்பக் கூடாது. பட்டுப்போன கிளை உள்ள மரத்தடியும் ஆகாது. வெளிச்சம் இருக்கும்போதே, மாலை 4 மணிக்குள் கூடாரம் அடித்து முடித்துவிட வேண்டும்.

காட்டுக்குள் வேண்டாம்

"இன்னும் தனிமையான இடம் வேண்டும்" என்று அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது குற்றம்; உயிருக்கும் ஆபத்து. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னைக்காரர்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறையே வழிகாட்டிகளோடு 40 மலைப்பாதைகளைத் திறந்தது.

2021-ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்தில் வயநாடு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. யானை நடக்கும் வழியில் நாம் போய்ப் படுத்தால், யானையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வேண்டாம். கோடையில் காடு காய்ந்து தீப்பிடிக்கும். ஜனவரியும் பிப்ரவரி தொடக்கமும் நல்ல காலம். இரவில் குளிரும், கம்பளி அவசியம்.

குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

கூடாரத்தின் வாசலை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். கொண்டுபோன குப்பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இருட்டும் ஒரு செல்வம்

ஏலகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1960-களில் விஞ்ஞானி வைணு பாப்பு, வானத்தை ஆராய நல்ல இருட்டான இடம் தேடி அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். இன்று அவர் பெயரிலேயே வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் ஊரில் இருட்டுக்குப் பயப்படுகிறோம். விஞ்ஞானிகளோ அதைத் தேடிப் போனார்கள்!

கூடாரத்துக்கு வெளியே படுத்து ஒருமுறை வானத்தைப் பாருங்கள். எண்ணூரில் எண்ணிப் பத்து நட்சத்திரம் பார்த்த பிள்ளை, அங்கே எண்ண முடியாமல் திகைத்துப் போகும்.

அப்போது யாரும் பேசாதீர்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு அந்த மலையே பதில் சொல்லும்.