அன்னையின் பாதை - 14: எட்டாயிரம் சவரன்

எபேசு பொதுச்சங்கக் கதை போன வாரத்தோடு சரி. 431 ஜூன் 22, கான்ஸ்டான்டிநோபிள் பேராயர் நெஸ்டோரியஸ் பதவி இழந்தார், மரியாவுக்குக் ‘கடவுளின் தாய்’ என்ற பட்டம் நிலைத்தது. இது போதும், மீதி உங்களுக்கே நினைவிருக்கும். இந்த வாரம் ரோமாபுரிக்குப் போய் சாந்தா மரியா மஜோரே ஆலயத்து மொசைக் ஓவியங்களைப் பார்ப்பதாகத் திட்டம். நடுவில் ஒரு பட்டியல் கண்ணில் பட்டுவிட்டது. அதைத் தாண்டி நகர முடியவில்லை.

அலெக்சாந்திரியப் பேராயர் சிரிலின் வலக்கையாக இருந்த எபிபானியுஸ், கான்ஸ்டான்டிநோபிளின் புதிய பேராயர் மாக்சிமியானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதோடு சேர்ந்த பட்டியல் இது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. அரண்மனையில் யார் யாருக்கு என்னென்ன போயிருக்கிறது என்ற கணக்கு, கல்யாணச் சீர்வரிசை போல நீள்கிறது: கம்பளங்கள், திரைச்சீலைகள், மேசை விரிப்புகள், தந்த நாற்காலிகள். தீக்கோழிகளும் உண்டு என்று ஒரு சாரார் படிக்கிறார்கள். இல்லை, அது ஏதோ ஒரு வகை மரச்சாமான் என்கிறார்கள் இன்னொரு சாரார். பளிங்குத் தரையில் தீக்கோழி நடந்தது என்று வைத்துக்கொள்ளவே எனக்கு ஆசை.

அப்புறம் தங்கம். கிரிசெரோஸ் என்று ஒருவர், பேரரசரின் அந்தரங்க அறைகளுக்குத் தலைமை அதிகாரி. எதிர்த்தரப்புக்குச் சாய்ந்திருந்தவர் என்பதால் அவருக்குக் கை தாராளம்: 200 ராத்தல். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 325 கிராம் என்றால் 65 கிலோ. நம்மூர்க் கணக்கில் 8,000 சவரனுக்கும் மேல். பேரரசரின் அக்கா புல்கேரியாவிடம் நல்ல வார்த்தை சொல்ல, மார்செல்லா என்ற பணிப்பெண்ணுக்கு 50 ராத்தல். இதெல்லாம் போதாமல் 1,500 ராத்தல் தங்கம் கடனாகவும் வாங்கியிருக்கிறார்கள். ஆலயமே வெறுமையாகிவிட்டது என்று அலெக்சாந்திரியக் குருக்கள் புலம்புவதையும் கடிதம் மறைக்கவில்லை.

இதைப் படித்த கையோடு, “கடவுளின் தாய் பட்டமே லஞ்சத்தில் வாங்கியதுதான்” என்று முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. மாக்சிமியான் பேராயரானதே 431 அக்டோபரில். ஆக, இந்தச் சீர்வரிசை புறப்பட்டது சங்கம் கலைந்த பிறகு. பட்டம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. நெஸ்டோரியஸின் பக்கம் நின்ற அந்தியோக்கியத் தரப்போடு நடந்த சமரசப் பேச்சில் அரண்மனை தன்னை நெருக்கிவிடக் கூடாது என்பதுதான் சிரிலின் கவலை.

சங்கம் நடந்த கோடையில் நிலைமையே வேறு. எபேசிலிருந்து தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கடிதம் போகாதபடி வழியெல்லாம் அடைத்திருந்தார்கள். சிரில் தரப்பின் கடிதம் ஒன்று பிச்சைக்காரர் ஒருவரின் நாணல் கோலுக்குள் ஒளிந்து போய்ச் சேர்ந்தது. தல்மாசியுஸ் என்ற முதிய துறவி, 40 ஆண்டுகளுக்கு மேல் மடத்து வாசலைத் தாண்டாதவர். நிலநடுக்கத்தின்போது பேரரசரே கூப்பிட்டும் வராத மனிதர். செய்தி கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். துறவிகள் சங்கீதம் பாடிக்கொண்டு உடன் வர, அரண்மனைக்கு நடந்தார். ஜனம் திரண்டது. இரண்டாம் தியோடோசியுஸ் அவரை உள்ளே அழைத்துப் பேசவேண்டியதாயிற்று.

நெஸ்டோரியஸுக்கு எதிரான தீர்ப்பு வந்த இரவில் எபேசு மக்கள் பந்தம் பிடித்து ஆயர்களை அவர்கள் தங்கிய இடம்வரை கொண்டுபோய் விட்டதைச் சிரிலே எழுதியிருக்கிறார். முன்னால் பெண்கள் தூபம் ஏந்திப் போனார்களாம். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கிரிசெரோஸின் வாயை அடைக்க 65 கிலோ தங்கம் தேவைப்பட்டது. தெருவில் நின்றவர்களுக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததாகக் கணக்கில்லை. பக்தியின் வரலாற்றை அரண்மனைக் கணக்கை மட்டும் வைத்து எழுத முடியாது என்று நான் வாராவாரம் சொல்வது இதனால்தான்.

ரோமாபுரி அடுத்த வாரம். 432இல் திருத்தந்தையான மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்து மொசைக்கில், நாசரேத்துத் தச்சரின் மனைவி பொன்னாடையும் நகைகளும் அணிந்து அரசகுலப் பெண்ணாக அமர்ந்திருக்கிறார். அந்த உடுப்பை அவருக்கு உடுத்திவிட்டது யார் என்று பார்ப்போம், வேறு பட்டியல் எதுவும் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)