நீரிழிவும் நினைவாற்றலும்: முன்கூட்டியே அறிய இயலுமா?

“அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்?” ஓடைப்பட்டியிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் நீரிழிவுச் சிகிச்சைக்கு வரும் முதியோரின் பிள்ளைகள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது வயதின் இயல்பு. ஆனால் நாற்பது ஆண்டுகள் திராட்சை பயிரிட்டவர், மயில்துத்தத்திற்கு எவ்வளவு சுண்ணாம்பு கரைப்பது என்று பந்தலடியில் தயங்கி நிற்பது இயல்பன்று. கவாத்து செய்த நாளை மறப்பதும், பழகிய வியாபாரியிடம் பணக் கணக்கில் குழம்புவதும் அவ்வாறே.

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குவதைப் பலர் அறிவர். அங்கே பழுதாகும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூளையிலும் உள்ளன. ஆகவே விழித்திரையில் பாதிப்பு உள்ளவரிடம் நினைவாற்றலைப் பற்றியும் நாங்கள் விசாரிக்கிறோம். இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. அவர்கள் முதுமையை எட்டும்போது இது வீடுதோறும் எழும் கவலையாகும்.

யாருக்கு மறதி நோய் வரக்கூடும் என்பதை ஓரளவு கணிக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 60 வயதைக் கடந்த ஏறத்தாழ 30,000 நீரிழிவு நோயாளரைப் பத்தாண்டுகள் கவனித்து உருவாக்கிய மதிப்பெண் முறை 2013இல் வெளியானது. அதற்கு ஸ்கேன் தேவையில்லை. வயது, கல்வி, நுண்குழாய் பாதிப்பு, பாதப்புண், பக்கவாதம், இதய நோய், சர்க்கரை மிகையாகவோ குறைவாகவோ போய் ஏற்பட்ட நெருக்கடி, மனச்சோர்வு ஆகிய எட்டுச் செய்திகளே போதும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோரில் பத்தாண்டுகளில் மறதி நோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றோரில் எழுபதுக்கும் மேல்.

இந்த எண்ணை நம் ஊர் முதியோருக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கே செல்லாத ஒருவரைத் தாளும் பேனாவும் கொண்டு சோதித்தால், நல்ல நினைவாற்றல் உடையவரும் தோற்றுப்போவார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்து முதியோரிடையே ஆய்ந்து, 2009இல் வெளியிட்ட வினாத்தொகுதி இக்குறையை உணர்ந்தது. அது முதியவரோடு, அவரை அறிந்த உறவினரையும் வினவுகிறது. அன்றாட வாழ்வில் நேர்ந்த மாற்றத்தை வீட்டாரைவிட நன்கு அறிந்தவர் யார்?

எட்டுச் செய்திகளில் நாம் உடனே தலையிடக்கூடியது சர்க்கரை திடீரெனக் குறைந்துபோவது. ஊசி போட்டோமா என்ற ஐயத்தில் முதியவர் இன்சுலினை இரண்டாம் முறையும் போட்டுக்கொள்கிறார், தோட்ட வேலையில் உணவு தாமதமாகிறது, வியர்த்து மயங்குகிறார். கடுமையான தாழ்சர்க்கரை நேர்ந்தோருக்குப் பிற்காலத்தில் மறதி நோய் மிகுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மறதி தாழ்சர்க்கரையைக் கொணர, தாழ்சர்க்கரை மறதியை வளர்க்கும். நினைவு குன்றியோருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை 8 சதவீதத்திற்குள் வைத்தாலே பெரும்பாலும் போதும். ‘7க்குக் குறையவில்லையே’ என்று வருந்தி, நீங்களாகவே மருந்தைக் கூட்டாதீர்கள். ஓர் அம்மையார் தம் கணவருக்கு ஊசி போட்ட பிறகே நாட்காட்டித் தாளைக் கிழிக்கிறார். நான் எழுதித் தரும் எந்த அட்டவணையையும்விட அது எளியது. மயக்கம் வருமுன் நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

எல்லா மறதியும் மீளாததன்று. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரிடம் வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு குறைபாடும் மனச்சோர்வும் மறதி போலத் தோன்றலாம். இவை இரண்டையும் போலவே பி12 குறைவையும் கண்டறிந்தால் சிகிச்சை உண்டு. காது மந்தமானவரை மறதிக்காரர் என்று முடிவு செய்வதையும் அடிக்கடி காண்கிறேன்.

அடுத்த பரிசோதனைக்கு முதியவரைத் தனியே அனுப்பாமல், உடன் வசிக்கும் ஒருவர் வாருங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் பையோடு கொண்டுவாருங்கள். அவர் எதிரில் சொல்லத் தயங்கும் மாற்றங்களை ஒரு தாளில் எழுதிச் செவிலியரிடம் கொடுத்தாலும் போதும். நான் படித்துவிட்டே அவரை அழைப்பேன்.