யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வட்டு இடக் கணக்கு

யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் வன்தட்டின் இட நிலவரத்தை அறிய டிஎஃப், டியு என இரு கட்டளைகள் உள்ளன. 1971 நவம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் வெளியான யூனிக்ஸ் முதற்பதிப்பின் கையேட்டிலேயே இவை இடம்பெற்றுள்ளன. சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸிலும் இவையே உள்ளன. ஒரே வட்டுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு எண்களைக் காட்டுவது வழக்கம். அது பிழையன்று.

பட்டாசுக் கிடங்கில் சரக்கு எவ்வளவு என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தும் சொல்லலாம், பெட்டிகளை எண்ணியும் சொல்லலாம். டிஎஃப் பதிவேட்டைப் பார்க்கிறது: கோப்பு முறைமை வைத்திருக்கும் மொத்தக் கணக்கை நொடியில் தந்துவிடும். டியு அடைவு அடைவாக நுழைந்து, பெயருள்ள கோப்புகள் பிடித்த இடத்தைக் கூட்டுகிறது.

கோப்பின் அளவும் அது பிடிக்கும் இடமும் ஒன்றல்ல. யுடிஎஃப்-8 முறையில் "திருத்தங்கல்" என்ற சொல்லுக்கு 36 பைட்டுகள் போதும். ஆனால் அச்சொல்லை மட்டும் ஒரு கோப்பில் சேமித்தால், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 4096 பைட்டுகள் கொண்ட ஒரு முழுத் தொகுதியை ஒதுக்கிவிடும்.

1 டிபி வட்டு என்பது உற்பத்தியாளர் கணக்கில் ஒரு இலட்சம் கோடி பைட்டுகள். 1024-ஆல் வகுத்து எண்ணினால் 931 ஜிபிதான். அதிலும் 5 விழுக்காட்டை, ஏறத்தாழ 46 ஜிபியை, இஎக்ஸ்டி4 நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. டிஎஃப் காட்டும் பயன்பாட்டையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராததற்கு இதுவே காரணம்.

பலரைத் தவறு செய்ய வைப்பது அழித்த கோப்புதான். நாட்காட்டி வேலை நெருக்கும் மாதங்களில் சிவகாசிப் பக்கத்து அச்சகம் ஒன்றின் சேவையகம் நிரம்பிவிட்டதாகக் கொள்வோம். யாரோ 40 ஜிபி பதிவுக் கோப்பை அழிக்கிறார். டியு குறைந்துவிட்டது, டிஎஃப் அசையவில்லை. பதற்றத்தில் அடுத்து வாடிக்கையாளரின் வடிவமைப்புக் கோப்புகளில் கை வைத்துவிடுவார்கள். உண்மையில் நீங்கியது பெயர் மட்டுமே. அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும்வரை தொகுதிகள் விடுவிக்கப்படுவதில்லை. எந்த நிரல் என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும். அதை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பும். ஓடும் நிரலின் பதிவுக் கோப்பை அழிப்பதைவிட உள்ளடக்கத்தை வெறுமையாக்குவதே நல்லது.

ஓர் அடைவின் மேல் வேறொரு வட்டை இணைத்தால், அடியில் இருந்த கோப்புகள் டியு கண்ணுக்கு மறைந்துவிடும்; டிஎஃப் அவற்றையும் எண்ணும். படிக்க அனுமதியில்லாத அடைவுகளும் டியு கணக்கில் விடுபடும்.

சில வேளை டிஎஃப் பல ஜிபி மீதி காட்டும், ஆனாலும் புதிய கோப்பை எழுத முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று வேண்டும். இஎக்ஸ்டி4-இல் அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் அவற்றைத் தீர்த்துவிடலாம். டிஎஃப் கட்டளையை ஆங்கிலச் சிறிய 'ஐ' தெரிவுடன் இயக்கினால் அந்தக் கணக்கு தெரியும்.